மூன்று வீடு தள்ளி விழுந்த குரல்

கோவில்பட்டி நகரின் வடகோடியில், ரயில்வே சுற்றுச்சுவரைப் பார்த்தவாறு ஒரே வரிசையாக நிற்கும் கூட்டுறவு வீட்டுவசதிக் குடியிருப்பில் வசிப்பவனும், நூற்பாலையில் நேரக்காப்பாளனாகப் பணி நிறைவு செய்தவனும், எட்டாம் வகுப்புக்கு மேல் எந்தப் பள்ளியின் வாசலையும் மிதியாமல் பொது நூலகத்தின் அடுக்குகளையே ஆசிரியர்களாகக் கொண்டு உரைநடை பயின்றவனுமாகிய சிவ. கோமதிநாயகம் என்னும் நான், அகவை எழுபத்திரண்டு நிறைவுற்ற நிலையில், கண்ணும் நினைவும் தெளிவாக இருக்கும்போதே, என் மனைவி ஆவுடையம்மாளின் குரல் என் வீட்டில் புறப்பட்டுப் பிறர் வீட்டில் போய் விழுந்த வரலாற்றை எழுதலானேன்.

எங்கள் தெருவுக்கு ‘வரிசை’ என்றொரு மாத இதழ் உண்டு. அதன் ஆசிரியன் நான். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது, எந்த வீட்டு மோட்டார் பழுதுபட்டது என்பனவற்றை, வீடுகள் நிற்கும் ஒழுங்கிலேயே, முதல் வீட்டில் தொடங்கிக் கடைசி வீடு வரையில், இடையில் பத்தி பிரிக்காமல் ஒரே ஓட்டமாக எழுதிச்செல்வது என் முறை. தெரு எப்படிச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிறதோ அப்படியே அதன் செய்தியும் நிற்கவேண்டும் என்பது என் கொள்கை. அறுபது வயதுக்குப் பின் நானே விசைப்பலகை பழகி, குடியிருப்போர் சங்கம் வாங்கித் தந்த கணினியில் இதைத் தட்டச்சு செய்துவந்தேன். அக்கணினியில் இருந்த எழுதும் மென்பொருளுக்கு ஒரு துர்க்குணம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதினால், எந்த எழுத்தைத் தொட்டேனோ அந்த எழுத்தையே அது திருத்தும். தமிழில் எழுதினாலோ, நான் தொடுவது ஓரிடமும் அது திருத்துவது வேறோரிடமுமாகப் போகும். மூன்று வீடு முந்திய பூவலிங்கம் வீட்டுச் செய்தியில் சேர்த்த சொல் சில வரி கடந்து என் வீட்டுச் செய்தியில் போய்க் குந்தும். என் வீட்டில் சேர்த்தது தாணுமாலயன் வீட்டில் குந்தும். இவ்வாறாக, எங்கள் மண நாளையொட்டி நான் என் மனைவியின் பெயருக்கு முன் சூட்டிய ‘அன்பின் உறைவிடமான’ என்னும் அடைமொழி, அச்சாகி வந்தபோது, தாணுமாலயனின் பெயருக்கு முன் நின்றது. அதற்காக அவர் என் வீடு தேடி வந்து நன்றி சொன்னார்.

தாணுமாலயன் எங்களுக்கு மூன்று வீடு கீழே, அதாவது தெருவின் கடைசி வீட்டுப் பக்கமாக, குடியிருப்பவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். வெள்ளைச் சட்டையைத் தானே பெட்டி போட்டு உடுத்துபவர். அறுபத்தெட்டு வயதிலும் மையைப் போல் கறுத்த மீசை உடையவர். அவரைப் பற்றி இவ்விடத்தில் இதற்கு மேல் எழுத என் பேனா இணங்கவில்லை.

தெருவின் முதல் வீட்டில் இருந்துகொண்டே எங்கோ உள்ள நிறுவனத்துக்குக் கணினி வேலை செய்யும் பிரபாவதி என்ற பெண்ணை அழைத்துக் குறையைக் காட்டினேன். அவள் சிறிது நேரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“பெரியப்பா, பஸ்ல இங்கிலீஷ் எழுத்து ஒரு சீட்டுல உக்காரும். தமிழ் எழுத்து ஒண்ணொண்ணும் மூணு சீட்டு பிடிச்சுக்கிடும். இந்த சாஃப்ட்வேர் எழுதினவன் சீட்டை எண்ணிட்டு, ஆளை எண்ணிட்டதா நினைச்சுக்கிட்டான். அதான் தமிழ் வர வர எல்லாம் தள்ளித் தள்ளிப் போகுது.”

“அப்படியானால் குற்றம் தமிழின்மேலா?”

“தமிழ் என்ன செய்யும்? எண்ணத் தெரியாதவன் மேலதான் குத்தம். கம்பெனிக்காரன் சரி பண்ணித் தருவான். அதுவரை பொறுங்க.”

நான் பொறுக்கவில்லை. ஒரே அறையில், ஒரே மின்சாரத்தில், அயல்மொழி எழுத்து சொன்ன இடத்தில் பணிந்து நிற்க, என் மொழி மட்டும் அலைக்கழிவதைக் கண்டு என் வயிறு எரிந்தது. ஆகவே இதழை நிறுத்தாமல், எத்தனை தொலைவு தள்ளும் என்று கணித்து, திருத்த வேண்டிய இடத்துக்கு மூன்று வீடு முன்னால் தொட்டு, மூன்று வீடு பின்னால் திருத்தி, அந்தச் சித்திரை மாத இதழை முடித்து வீடுவீடாகக் கொடுத்தேன். மறுநாள் காலையில் தெரு அவ்விதழைப் பின்பற்றத் தொடங்கியிருந்தது.

அதை நான் அறிந்தது காப்பி நேரத்தில். ஆவுடையம்மாள் டம்ளரை வைத்துவிட்டு வழக்கம்போல நெடுநேரம் பேசினாள். அவள் உதடுகள் அசைந்தன, கை அசைந்தது, மூக்குத்தி அசைந்தது. என் காதில் விழுந்தவையோ ‘ஃபில்டர்’ என்ற ஒரு சொல்லும், சற்றுப் பொறுத்து ‘பாக்கெட்’ என்ற ஒரு சொல்லும் மட்டுமே. அவற்றுக்கு நடுவே, எங்கள் அடுப்படிச் சுவரிலிருந்து வந்ததுபோல், வேறொரு பெண்ணின் குரல் கணீரென்று ஒலித்தது: “விடிஞ்சது தெரியாமத் தூங்குற மூஞ்சியப் பாரு! சங்கத் தலைவராம் தலைவரு!” அக்குரல் எங்களுக்கு மூன்று வீடு மேலே இருக்கும் செண்பகவல்லியினுடையது, அவ்வசவுக்கு உரியவர் அவள் கணவரும் எங்கள் சங்கத் தலைவருமான பூவலிங்கம்.

வாசலுக்கு வந்து பார்த்தால் தெருவே வெளியே நின்றது. கூரைக்கு வெளியே எல்லார் பேச்சும் ஒழுங்காகக் கேட்டது. கூரைக்கு உள்ளேதான் இந்த இடப்பெயர்ச்சி. வீட்டுக்குள் சொல்லப்படும் ஆங்கிலச் சொல் சொன்ன இடத்திலேயே நிற்கும். தமிழ்ச் சொல் மூன்று வீடு கீழே போய் விழும். நண்பகலுக்குள் இது யாவருக்கும் விளங்கிவிட்டது, மாலைக்குள் பழகியும் விட்டது.

பழகியதைத்தான் நான் முதன்மையாக எழுதவேண்டும். தண்ணீர் லாரி வரும் கிழமை மாறினால் எங்கள் தெரு ஒரு வாரம் முணுமுணுக்கும். குரல் இடம் மாறியதற்கு ஒரு நாள்கூட முணுமுணுக்கவில்லை. மேல்கோடி மூன்று வீடுகளில் தமிழே விழாததால் அவை கோயில் பிரகாரம்போல் அமைதியாகி, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் அங்கே கொண்டுபோய் உட்காரவைக்க, அவ்வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினார்கள். கீழ்க்கோடி மூன்று வீடுகளின் பேச்சு, வீடில்லாத பொட்டலில் கொட்டியது. அங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மாலை வேளையில் கேட்பதற்கென்றே ஆட்கள் கூட, பட்டாணி வண்டிக்காரர் தன் வண்டியைக் கடைத்தெருவிலிருந்து அங்கே மாற்றிக்கொண்டார். தொலைக்காட்சித் தொடரை மூன்று வீடு மேலே வைத்தால்தான் கீழே ஒலி வரும் என்பதால், எந்தத் தொடரை வைப்பது என்று வீடுகள் ஒன்றுக்கொன்று ஒப்பந்தம் செய்துகொண்டன. பெண் பார்க்க வந்தவர்கள், பெண் பாடுவதை ஒரு வீட்டில் பார்த்துவிட்டு, கேட்பதற்கு மூன்று வீடு நடந்தார்கள். கணவனிடம் காதோடு சொல்லவேண்டியதை வைத்திருக்கும் பெண்கள், மூன்று வீடு மேலேறி, அவ்வீட்டு அடுப்படியில் நின்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். ‘மேலேறிச் சொல்லிட்டு வாரேன்’ என்பது தெருவில் ஒரு வழக்காகவே ஆயிற்று. கூச்சமுடையவர்கள் ஆங்கிலம் கற்றார்கள். ‘கம்’, ‘ஈட்’, ‘ஸ்லீப்’ என்று குடித்தனம் நடந்தது. வீட்டில் தங்கவேண்டியதை ஆங்கிலத்திலும் வீட்டைவிட்டுப் போகவேண்டியதைத் தமிழிலும் பேசுவது என்று ஆகி, அன்பெல்லாம் அயல்மொழியாகவும் வசவெல்லாம் தாய்மொழியாகவும் பிரிந்தன. இதைக் காண நேர்ந்த என் நெஞ்சு பட்ட பாட்டை நான் விரித்துரைக்கவில்லை.

மென்பொருள்காரர்கள் ஆடி மாதத்தில் திருத்திய பதிப்பை அனுப்பினார்கள். கணினி திருந்தியது. தெரு திருந்தவில்லை.

மகிழ்ந்திருந்தவர் பூவலிங்கம் ஒருவரே. தினமும் காலையில் நடைப்பயிற்சி என்ற பெயரில் என் வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, “அண்ணாச்சி, இன்னைக்கு என்ன சொன்னா?” என்பார்.

“உம்மைக் கட்டியதற்கு ஒரு கல்தூணைக் கட்டியிருந்தால் துணி காயப்போடவாவது ஆகியிருக்கும் என்றாள்.”

“அவ்வளவுதானா? நேத்தைக்கு இது பரவால்ல,” என்று அவர் தெம்பாக நடந்து போவார். அவர் ஆங்கிலம் கற்கவேயில்லை. நான்தான் ஒவ்வொரு வேளையும் இன்னொருவர் மனைவியின் வசவைக் கேட்டவாறு உணவு உண்டு இளைத்தேன்.

என் வீட்டுத் தமிழ் எங்கே விழுந்தது என்பதை இனியும் எழுதாமல் தள்ளிப்போட இயலாது. தாணுமாலயன் வீட்டில் விழுந்தது.

முதல் வாரத்திலேயே அவர் மாலையில் என் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். இஸ்திரி குலையாத சட்டை. கையில் ஒன்றுமில்லை, எனினும் தபால்காரரைப் போலவே நின்றார்.

“அண்ணாச்சி, வீட்டம்மா மத்தியானம் ஒண்ணு கேட்டாவ. ‘காலு வீங்கியிருக்கே, வெந்நி வச்சுத் தரட்டா’ன்னு. நீங்க பதில் சொல்லலை போல.”

அவர் அதைச் சொன்ன விதத்தில், ‘வீங்கியிருக்கே’ என்பதில் ஆவுடையம்மாள் கொடுக்கும் அந்த இழுப்பும் இருந்தது. அரை நூற்றாண்டாக என் ஒருவன் காதுக்கென்று இழுக்கப்பட்ட இழுப்பு அது.

“அதைத் தாங்கள் ஏன் கேட்டீர்கள்?” என்றேன்.

“கேக்கணும்னு கேக்கலியே. வந்து விழுது. உங்களுக்கு உள்ளதை நான் வச்சுக்கிடக் கூடாதுல்லா?”

மறுநாளும் வந்தார். “‘ரசத்துல உப்பு தூக்கலா’ன்னு கேட்டாவ.” அடுத்த நாளும் வந்தார். “‘ராத்திரிக்கு இட்லியா’ன்னு கேட்டுட்டு, பிறவு ‘இல்லாட்டி’ன்னாவ. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை எனக்கு வரல. உங்களுக்கு வந்துச்சா?”

வந்திருந்தது. ‘நூடுல்ஸ்’. ஆனால் நான் சொல்லவில்லை. என் மனைவியின் ஒரு வாக்கியம் எங்கள் இருவரிடையே பாதி பாதியாகக் கிடப்பதை ஒப்புக்கொள்வதைவிடப் பட்டினி கிடப்பது மேல் என்று வீட்டுக்குள் போய்விட்டேன்.

அன்று உள்ளே போய், ஆத்திரம் தாளாமல், சாயம் பூசிய மீசையோடு ஊரான் வாசலில் நிற்கும் ஆளென்றும் இன்னும் பலவாறும் வாய்விட்டுத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் மாலை அவர் வந்தார்.

“அண்ணாச்சி, மீசைக்குச் சாயம் பூசறதில்ல. எங்க அப்பாவுக்கும் கடைசி வரை கறுப்புதான். மத்தபடி நீங்க சொன்னதுல எனக்கு வருத்தம் இல்ல.”

என் தமிழும் அங்கேதான் விழுகிறது என்பதை ஆத்திரத்தில் மறந்துவிட்டிருந்தேன். அன்று முதல் அவரைத் திட்டுவதற்குக்கூட நான் வெயிலில் இறங்கிப் பொட்டலுக்குப் போகவேண்டியதாயிற்று. ஆனால் ஒன்றைச் செய்தேன். “இனி என் வாசலுக்கு வந்து என் மனைவியின் சொல்லை ஒப்பிக்க வேண்டாம்,” என்று தெருவறியச் சொன்னேன். அவர் தலையசைத்தார். அதன்பின் வரவில்லை.

வராதது இன்னும் கொடியதாக இருந்தது. இப்போது அவர் அத்தனையையும் தாமே வைத்துக்கொண்டார். ஆவுடையம்மாள் மாத்திரைக்கு நேரமாயிற்று என்று சொல்லும் வேளையில் அவர் வீட்டில் தண்ணீர்க் குழாய் திறக்கும் ஓசை கேட்கும். இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளுங்கள் என்று இங்கே உதடு அசைந்தால் அங்கே ஒரு கரண்டி விழும். அடுப்படியில் நின்று தனக்குத்தானே பேசியபடி சமைப்பது அவள் பழக்கம். ஆகவே ஆவணி முடிவதற்குள் மூன்று வீடு கீழேயிருந்து எங்கள் வீட்டுச் சுண்டைவற்றல் குழம்பின் மணம் காற்றில் ஏறி வந்தது. அவர் கன்னம் உப்பியது. கேட்டுக்குப் புதிதாகப் பச்சை வர்ணம் அடித்தார். நானோ, ‘குக்கர்’, ‘கேஸ்’, ‘டேப்லட்’, ‘ஆஃப்’ என்ற நான்கைந்து இரும்புத்துண்டுகளை மென்றுகொண்டு, செண்பகவல்லியின் வசவைத் தொட்டுக்கொண்டு உண்டேன்.

புரட்டாசியில் ஒரு நாள், தெருவில் காய்கறி வண்டி அருகே, பலர் கேட்க, நான் ஆவுடையம்மாளிடம் சொல்லிவிட்டேன்: “நீ வேண்டுமென்றே தமிழாகப் பேசுகிறாய்.”

அவள் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்தாள். “பின்ன, இங்கிலீசுலயா பேச? கல்யாணம் பண்ணையில எனக்கு எந்த பாசை தெரியும்னு கேட்டுட்டுத்தான பண்ணுனீக?”

“பிரபாவதியிடம் பத்துச் சொல் கற்றால் ஆகாதா? எல்லா வீட்டுப் பெண்களும் கற்கவில்லையா?”

“போன வருசம் நான் ‘தேங்ஸ்’னு சொன்னதுக்கு ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தது யாரு? தமிழ் வீட்டுல தமிழ்தான் பேசணும்னு சட்டம் போட்டது யாரு?”

“மேலேறிச் சொல்லிவிட்டு வரலாமே.”

“என் புருசன்கிட்டப் பேச, ஊரான் அடுப்படியில போய் நிக்கணுமா? அதுக்குப் பேசாம இருக்கலாம்.” கூட்டம் சிரித்தது. எனக்கு அச்சிரிப்பு பொறுக்கவில்லை.

“மூன்றாவது வீட்டில் கேட்பதற்கு ஆள் இருக்கும்போது உனக்கு என்ன கவலை!”

ஆவுடையம்மாள் கையிலிருந்த வெண்டைக்காயை வண்டியில் திருப்பி வைத்தாள். “இனி இந்தத் தெருவுல வச்சு உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினா என் பேரு ஆவுடையம்மா இல்ல,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் நடந்தாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசியதெல்லாம் கூரைக்குக் கீழேதான். முன்னைவிட அதிகமாகப் பேசினாள். எழுதிக் காட்டலாமே என்று சிலர் கேட்டார்கள். தன் பெயருக்கு மேல் எழுதிப் பழகாதவள் அவள். ஆகவே ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் என் மனைவி என் எதிரிலேயே இருந்து, எனக்காகவே பேசி, எனக்குக் கிடைக்காதவளாக வாழ்ந்தாள்.

மார்கழி பிறந்ததும் அவள் வலப்பக்க விலாவின் கீழே கையை வைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். சாப்பாட்டைக் குறைத்தாள். ‘பெயின்’ என்ற சொல் ஒருமுறை என் காதில் விழுந்தது; பிரபாவதியின் தாயிடமிருந்து ஒட்டிக்கொண்ட சொல்லாக இருக்கலாம். நான் தெருவுக்கு அழைத்துக் கேட்டேன்; தெருவில் அவள் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதற்கு என்னோடு வர மறுத்து, செண்பகவல்லியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மதுரைக்குப் போனாள். ஒருமுறை போய் வந்தாள். மறுவாரம் மீண்டும் போனாள். அந்த இரண்டாம் நாள், பேருந்து வரும் நேரமெல்லாம் நான் தெருமுனையில் நின்றேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அங்கே தாணுமாலயனும் நின்றார். நான் ஒரு பக்கமும் அவர் மறுபக்கமுமாக நின்றோம்.

அவள் இறங்கினாள். எங்கள் இருவரையும் பாராமல் நடந்தாள். வீட்டுக்குள் வந்து, கைகால் கழுவி, அடுப்பைப் பற்றவைத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, நெடுநேரம் பேசினாள். முதுகைக் காட்டியதால் உதட்டையும் நான் பார்க்கக் கூடவில்லை. எனக்குக் கிடைத்தவை இவ்வளவே: “டாக்டர்.” பிறகு, “ஸ்கேன்.” பிறகு, “ரிப்போர்ட்.” பிறகு ஓர் இடைவெளி. பிறகு, “ஆபரேஷன்.”

அதற்கு மேல் அவள் எவ்வளவோ பேசினாள். ஓர் ஆங்கிலச் சொல்கூட அதில் கலக்கவில்லை. நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பருப்பைக் கழுவப் போனாள்.

செண்பகவல்லி வீட்டுக்கு ஓடினேன். அவள் வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“அது உங்க வீட்டுப் பேச்சு, அண்ணாச்சி. மதினி வாயாலதான் வரணும்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக. என்னக் கேக்காதீக.”

“உயிர் சம்பந்தப்பட்டது அம்மா!”

“அதான் சொல்லியாச்சுல்ல. அவுக சொன்னது எங்க விழும்னு உங்களுக்குத் தெரியாதா? கால் இல்லையா, நடங்க.”

என் வீட்டைக் கடந்தேன். அடுத்த இரண்டு வீடுகளையும் கடந்தேன். அந்தத் தொலைவை நான் எவ்வாறு நடந்தேன் என்பதை எழுத என் உரைநடை போதாது. ஒவ்வோர் அடிக்கும் ஓர் எண்ணம் பின்னுக்கு இழுத்தது: என் மனைவி பிழைப்பாளா என்பதையும் அந்த மனிதரிடமா கேட்டுத் தெரிந்துகொள்வது? அவர் பச்சைக் கேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். என்னைக் கண்டதும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில், கூரைக்கு வெளியே போட்டார். பெட்டி போட்ட சட்டை அன்று கசங்கியிருந்தது.

“இருங்க.”

“நிற்கிறேன். சொல்லும்.”

“நீங்க முதல்ல இருங்க அண்ணாச்சி.”

உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ரயில்வேயில் ஆணைகளை மனப்பாடமாகச் சொல்லிப் பழகியவராதலால், ஒரு சொல்லும் பிசகாமல் சொன்னார்:

“‘சொன்னாரு’ன்னாவ. அதுக்கு முன்னால யாருன்னு வரல. ‘எடுத்துப் பாத்தாச்சு’. எதைன்னு வரல. ‘நல்லாத்தான் வந்திருக்கு’. அதுவும் எதுன்னு வரல. கடைசில ‘வேண்டாமாம்’னாவ. எது வேண்டாம்? சாப்பாடு வேண்டாமா, மருந்து வேண்டாமா, இனிமே ஒண்ணுமே வேண்டாமா? அரை மணி நேரமா இதை வச்சுக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். உங்ககிட்ட என்ன இருக்கு?”

என் கையில் இருந்த நான்கு சொற்களை அவரிடம் கொடுத்தேன். டாக்டர் என்றேன். ஸ்கேன் என்றேன். ரிப்போர்ட் என்றேன். அவர் ஒவ்வொன்றையும் வாங்கித் தன் ஓட்டையில் பொருத்தி உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

“ஆபரேஷன்,” என்றேன்.

“ஆபரேஷன் வேண்டாமாம்,” என்றார் தாணுமாலயன்.

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “என் வீட்டுக்காரி போனது அந்த ஆபரேஷன் மேசையிலதான், அண்ணாச்சி,” என்றார். அவர் அழுததிலும் எனக்கு ஒரு பங்கு எரிச்சல் இருந்தது என்பதை மறைக்கவில்லை. என் மனைவிக்காக அழும் உரிமை என்னுடையதாயிருந்தது.

“இன்னும் இருக்கு,” என்றார். “அதுல ஓட்டை இல்ல. முழுசாத் தமிழ்ல சொன்னாவ. ஆனா அது எனக்குச் சொன்னது.”

அடங்கியிருந்தது முழுவதும் மீண்டும் மூண்டது. “உமக்கா? சொல்லும். ஒரு சொல்லையும் விழுங்காமல் சொல்லும்.”

அவர் மீண்டும் கண்ணை மூடினார். “‘அண்ணே, இதுல பாதிய அவுக கையிலயும் பாதிய உங்க கையிலயும் வேணும்னுதான் போட்டுருக்கேன். மீதியக் கேக்க உங்க வாசலுக்கு வருவாக. வந்தா நிக்கவச்சுப் பேசாதீக, இருக்கச் சொல்லுங்க. குடிக்க ஏதாச்சும் குடுங்க, சீனி போடாதீக. இத்தன மாசமா நான் பேசினதெல்லாம் அவுகளுக்குப் பேசினது. இந்த ஒண்ணுதான் உங்களுக்கு. என் குரலக் கேக்காம அவுக எலும்பா போயிட்டாக, அண்ணே. பலகாரத்துக்கு ஏங்குற பிள்ள மாதிரி அடுப்படிய வளைய வளைய வாராக. தினம் ஒரு நாழி உங்க வீட்டுல வந்து உக்காந்து கேட்டுட்டுப் போகட்டும். நீங்க சொன்னா வரமாட்டாக. நான் சொன்னாலும் வரமாட்டாக. அதான் இப்படி.’”

நான் அதில் ஒரு சொல்லையே பற்றிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே என்றா சொன்னாள்?”

“முத நாள்லேர்ந்தே அப்படித்தான். ஒவ்வொரு பேச்சையும் முடிச்சுட்டு, ‘அண்ணே, அவுககிட்டச் சொல்லிருங்க’ன்னு சொல்லுவாவ. அதான் தினமும் வந்தேன். நீங்கதான் வராதேன்னுட்டீங்க.”

நான் எழுந்து முற்றத்தில் இங்குமங்கும் நடந்தேன். மனைவி ஒருவரை அண்ணன் என்று அழைத்தால் அவர் எனக்கு மச்சானாகிறார். மச்சானுக்கு அடுப்படி வரை வர உரிமை உண்டு. தங்கையின் குரலைக் கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் அவருக்குக் கடமையும் உண்டு. அதை நினைத்ததும் எனக்குப் பேச்சு வந்தது.

“அண்ணன் என்றால் சீர் எங்கே?” என்றேன். “சித்திரையிலிருந்து தங்கையின் குரலைக் கேட்டு, தங்கையின் குழம்பைக் கற்று, தங்கையின் சொற்படி மாத்திரை போட்டுக் கன்னம் உப்பியிருக்கிறீர். ஒரு மஞ்சள் கொத்தாவது வந்ததா? ஒரு கரும்பாவது வந்ததா? அண்ணனாம்!”

தாணுமாலயன் என்னை வியந்து பார்த்தார். பிறகு அந்த மீசை விரிந்தது. “காப்பி போடட்டா? சீனி இல்லாம,” என்றார்.

அக்காப்பி நன்றாக இருந்தது. எங்கள் வீட்டுக் காப்பியைப் போலவே இருந்ததால்தான் நன்றாக இருந்தது.

சங்கம் தெருவில் கூடியது. பூவலிங்கம், தம் வீட்டு ஏற்பாட்டைக் குலைக்கும் பேச்சு எதுவும் எழாதபடி முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, எங்கள் காரியத்தைத் தீர்த்துவைத்தார். நான் நாள்தோறும் விளக்கேற்றும் வேளையில் தாணுமாலயன் வீட்டுக்குப் போவேன். என் மனைவி எங்கள் வீட்டில் இருந்து பேசுவாள். அந்நேரம் தாணுமாலயன் வீட்டுக்கு உள்ளே இருத்தல் ஆகாது. முற்றத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம். ஆண்டுதோறும் பொங்கல் படி, அதாவது அண்ணன் தங்கைக்குத் தரும் சீர், தப்பாமல் வரவேண்டும். அவர் வெளியே நிற்பதும் பொங்கல் படியும் என் நிபந்தனைகள்.

“செடி அவ்வளவு நேரம் தண்ணி குடிக்காதே,” என்று தாணுமாலயன் சொல்லிப் பார்த்தார்.

“செடியை அதிகமாக வையும்,” என்றேன்.

முதல் மாலையில் அவர் வீட்டுக்குள், அவர் நாற்காலியில், அவர் மனைவியின் படத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு மிக அருகில், காதுக்குள்ளேயே, அந்த இழுப்போடு வந்தது: “வந்து உக்காந்தாச்சா? காலத் தொங்கப் போட்டு உக்காராதீக, வீங்கும்.” காலைத் தூக்கி மடக்கிக்கொண்டேன்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். போகிப் பண்டிகை அன்று பகலில், தலையில் துண்டைக் கட்டி அதன்மேல் பித்தளைப் பானையை ஏற்றி, ஒரு தோளில் கரும்பும் மறுகையில் மஞ்சள் கொத்துமாக, பச்சரிசியும் வெல்லமும் பூசணியும் ஒரு தள்ளுவண்டியில் பின்னே வர, தெரு முழுவதும் வாசலுக்கு வந்து பார்க்க, தாணுமாலயன் மூன்று வீடு ஏறி வந்தார். ஆவுடையம்மாள் வீட்டுக்குள்ளிருந்து அவரைக் கண்டு முகம் மலர்ந்து இரண்டு சொல் சொன்னாள். அவள் உதட்டை நான் பார்த்தேன். அச்சொற்கள் போய் ஆளில்லாத அவர் வீட்டில் விழுந்திருக்கும். வாங்கிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. அவர் என் வாசலில், பானையைத் தலையில் வைத்தபடி, அழைப்புக்காகக் காத்து நின்றார். உள்ளே அவள் என்னைப் பார்த்தாள்.

ஆகவே நானே தெருவில் இறங்கி, கூரைக்கு வெளியே வந்து, தெருவின் இரு கோடிக்கும் கேட்கும்படி, அவள் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல்லை மட்டும் என் உறவுக்கேற்ப மாற்றிக்கொண்டேன்.

“வாங்க, மச்சான்.”

பானையை இறக்க நான்தான் கைகொடுத்தேன். அப்போது அவர் மீசையை மிக அருகில் பார்க்க வாய்த்தது. சாயம் இல்லை. அதை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. மற்றபடி இவ்வழக்கு, விளம்பி ஆண்டு மார்கழி மாதம் முப்பதாம் நாள், இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டு சனவரித் திங்கள் பதினான்காம் தேதி, திங்கட்கிழமை நண்பகலில் தீர்ந்தது.